ஏழாம் குரல்

அந்தக் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த வேலை, 'ம்' எண்ணுவது.

சிரிக்காதீர்கள். சிரிப்பு அவளுக்கும் வந்தது, முதல் நாள் மட்டும். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிற பெண். பன்னிரண்டு வார ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்காகத் தேர்வெழுதி, மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லி, எத்தனையோ பேரைத் தாண்டி உள்ளே வந்தவள். வந்து பார்த்தால், காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "இதுல எங்கெல்லாம் ம் வருதோ அங்கெல்லாம் ஒரு கலர் போடும்மா" என்றார்கள்.

விஷயம் இதுதான். போனில் மனுசரோடு பேசுகிற மெஷின் ஒன்றை அந்தக் கம்பெனி பழக்கிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கும், பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்கும். பேச்செல்லாம் நன்றாகத்தான் பேசியது. ஆனால் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து ஒரு "ம்" வந்தால் போதும், சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே அறுத்துவிட்டு, "சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது. "ஒண்ணும் வேணாம், நீ மேல சொல்லு" என்பார் அவர். மெஷின் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவர் பழக்க தோஷத்தில் மறுபடி "ம்" என்பார். பிறகு கேட்கவா வேண்டும்.

நேர்காணலில் ஒருவர் கேட்டார்: "வெறும் ம்-ல அப்படி என்னம்மா இருக்கு?"

"எங்கம்மா ஒரே ம்-ல அடிக்கவும் செய்வாங்க, அணைக்கவும் செய்வாங்க சார்."

அந்தப் பதிலுக்குத்தான் இடம் கிடைத்தது என்று பிற்பாடு அவளுடைய மேற்பார்வையாளர் சொன்னார். முப்பது வயதுக்காரர், முகத்தைப் பாதி மறைக்கும் தாடி. ஆபீசில் எல்லாருக்கும் அவர் தாடிதான். இவள் மட்டும் அண்ணா என்பாள்.

ஐந்து வகை பிரித்திருந்தாள். சரி என்கிற ம், மஞ்சள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ம், பச்சை. அப்படியா என்று இழுக்கிற ம், நீலம். இருடி உனக்கு இருக்கு என்கிற ம், சிவப்பு. போதும் என்கிற சலிப்பு ம், சாம்பல். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை இதே வேலை. கண்ணாடிச் சுவரோரம் மேஜை. தலைக்கு நேர் மேலே குளிர்காற்று. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைக்கும்.

அவளோடு சேர்ந்த இன்டர்ன்கள் எட்டுப் பேரும் படங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு குழுவாக இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைக்கு எட்டு நாற்காலி. யாரும் இவளை ஒதுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலி எட்டுதான் இருந்தது, அவ்வளவுதான். முதல் நாள் தட்டோடு ஒரு கணம் நின்றாள். ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, "நீதானே அந்த ம் பொண்ணு?" என்று சிரித்தான். இவளும் சிரித்துவிட்டு ஜன்னலோரத்து ஒற்றை மேஜைக்குப் போனாள். மறுநாளும் அங்கேயே போனாள். பிறகு அது அவள் இடம் ஆகிவிட்டது. வேலை நேரத்தில் காதில் ஹெட்போன். ஹெட்போன் மாட்டியவளை யார் கூப்பிடுவார்கள்? நாள் பூராவும் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு, தன் வாயைத் திறக்காமலே அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

அதனால்தான் சாயங்காலம் ஆறரை மணி போன் அவளுக்கு அத்தனை முக்கியமாகப் போயிற்று.

கம்பெனி விலைக்கு வாங்கிய ஒலிப்பதிவுகளில் எல்லாரும் நாடகத்தில் பேசுவதுபோலப் பேசினார்கள். ம் சொல்லும்போதுகூட யோசித்துச் சொன்னார்கள். "ஆபீஸ்ல நாம எல்லாருமே வீட்டு ஆளுங்ககிட்ட பேசறதையே பதிவு பண்ணலாம், அவங்க சம்மதிச்சா" என்றார் தாடி. சம்மதம் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படிவத்தைப் போனில் படித்துக் காட்டி, சம்மதமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதிவு செய்தால் போதும்.

அப்படித்தான் இரண்டாம் வாரத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். இந்த உரையாடல் ஆராய்ச்சிக்குப் பயன்படும், குரலைப் பிறர் கேட்கக்கூடும், எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று ஒரு பக்கம். கடைசியில், "சம்மதமாம்மா?" என்றாள்.

"ம்" என்றாள் அம்மா.

மஞ்சள். சந்தேகமே இல்லாத மஞ்சள். பெயர்கள் போட மாட்டார்கள், எண்தான். அம்மாவுக்குக் கிடைத்தது ஏழு.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆணிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஒரு பக்கம் கம்பிச் சுருளை மாட்டினால், மெஷின் அதை இழுத்து, நறுக்கி, தலையில் ஓர் அடி அடித்துக் கொண்டை வைத்து, மறுபக்கம் ஆணியாகத் துப்பும். நிமிடத்துக்கு முந்நூறு அடி. அப்படி ஒன்பது மெஷின். விழுந்த ஆணிகளை மரத்தூளோடு உருளையில் போட்டுச் சுற்றினால் எண்ணெய் போய்ப் பளபளக்கும். கம்பி தீர்கிறதா என்று பார்ப்பது, தட்டு நிறைந்ததும் உருளைக்கு மாற்றுவது, கொண்டை கோணியவற்றைப் பொறுக்கி எறிவது, இதெல்லாம் அம்மா. கணவன் போனபோது மகளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து வீட்டில் அந்த மெஷின்களின் சோறு மட்டும்தான்.

பட்டறைக்குள் யாரும் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. கம்பி வேண்டும் என்றால் விரலைச் சுழற்றுவார்கள். நிறுத்து என்றால் உள்ளங்கையைக் காட்டுவார்கள். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவார்கள். மெஷின் ஓடும்வரை அங்கே எல்லாரும் செவிடுதான். அதனால் அம்மாவுக்கு மெஷின் நின்ற பிறகும் கேட்கவில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இடது காது போய் ரொம்ப நாளாயிற்று. வலது காது மங்கிக்கொண்டே வந்து, மகள் கம்பெனிக்குக் கிளம்பிய வாரத்தில் அதுவும் சுருண்டு படுத்துவிட்டது. ஒருநாள் பட்டறையில் தலை நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெரு நனைந்திருந்தது. தகரக் கூரை. அதன்மேல் மழை பெய்தால் மெஷின் சத்தத்தையும் மீறி ஆணி மூட்டையைக் கொட்டுகிற மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அன்று மழை, கண்ணுக்கு மட்டும் பெய்தது.

இது தெரிந்தவள் ஒருத்திதான், பக்கத்து வீட்டுத் தையல்காரி. ஒரு சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்த அம்மாவை வாசற்படியில் நின்று பார்த்தாள். பேச்சு முடிந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டாள்.

"ஏங்க்கா, அவ என்ன சொன்னா?"

"என்னமோ சொன்னா. நல்லாத்தான் இருக்கா."

"நீ பாட்டுக்கு ம் ம்னு கொட்டிக்கிட்டிருந்தியே. அவ 'நான் கிணத்துல குதிக்கப் போறேம்மா'ன்னு சொல்லியிருந்தா?"

"கிணறு ஏதுடி அங்க? எல்லாம் கண்ணாடிக் கட்டடம்."

"பேச்ச மாத்தாத. ஒண்ணுமே கேக்காம எப்படிக்கா பேசற நீ?"

அம்மா அந்தப் பழைய பட்டன் போனைக் கன்னத்து எலும்பில் அழுத்திக் காட்டினாள். "இங்க வெச்சா குறுகுறுன்னு அதிரும். பேசறான்னு அர்த்தம். அதிர்வு நின்னா நான் ஒரு ம். அவ்வளவுதான். கேள்வி கேட்டா மாட்டிக்குவேன்ல, அதனால எடுத்ததும் நானே ஒப்பிச்சிடுவேன். சாப்ட்டேன், கால் வலிக்கல, வேலை நல்லாப் போவுது, நீ சொல்லுன்னு."

"நல்லா நடிக்கறடியம்மா. பொண்ணுகிட்டயே."

"போன வருசம் கையில ஆணி ஏறிச்சுன்னு பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்து என் கட்டில்ல உக்காந்தவ அவ. காது போச்சுன்னு தெரிஞ்சா அங்க ஒரு நிமிசம் இருப்பாளா? இன்னும் கொஞ்ச வாரந்தான். முடிச்சுட்டு வரட்டும். நீ வாயத் திறந்தே, உன் தையல் மிஷின்ல ஊசி இருக்காது பாத்துக்க."

"ஆமா, இவங்க ஆணிக்காரங்க, ஊசியப் பிடுங்க வந்துட்டாங்க" என்று தையல்காரி எழுந்துபோனாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பக்கம் மகளுக்கு என்ன நடந்தது தெரியுமா? அவளுக்கு அம்மாவை ரொம்பப் பிடித்துப் போயிற்று. முன்பெல்லாம் அம்மாவிடம் ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்ல முடியாது. "இன்னைக்கு மழைல நனைஞ்..." என்பதற்குள், "குடை எங்க? தலை துவட்டினியா? அதான் சொன்னேன்ல" என்று பாய்வாள். இப்போது அப்படி இல்லை. குறுக்கே ஒரு சொல் இல்லை, புத்திமதி இல்லை. நிறுத்துகிற இடத்தில் மெத்தென்று ஒரு ம். வளர்ந்த பெண் என்று மதித்துக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் இவள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். ஒற்றை மேஜையைப் பற்றிச் சொன்னாள். விறைக்கிற விரலைப் பற்றி, அறையில் தன் குரலையே கேட்கப் பயமாக இருப்பதைப் பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே, "நான் திரும்பி வந்துடட்டுமாம்மா?" என்றாள்.

"ம்" என்ற அம்மா, கொஞ்ச நேரம் விட்டு, "சரி கண்ணு, ரொம்ப சந்தோஷம், வெக்கறேன்" என்றாள்.

அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டாள் மகள். போய் வேலையைப் பாருடி என்று அம்மா சொல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அந்த ம்-க்கு மட்டும் சாம்பல் போட்டாள். மற்றதெல்லாம் பச்சை.

ஒன்பதாம் வாரம், வெள்ளிக்கிழமை மதியம். தாடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் மேஜையில் லேப்டாப்பை வைத்தார். திரையில் குரல் எண்களும் நேரக் கோடுகளும் மட்டும், பேச்சு இல்லை. முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஒரு வேடிக்கை காட்டறேன் வா. ஊர்ல எல்லாரும் எதிராளி பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே ம் கொட்டறாங்க, பாத்தியா? கடைசி வார்த்தை வர்றதுக்குள்ள இங்க ம் வந்துடுது. என்ன சொல்லப் போறான்னு முன்னாலேயே தெரியுது."

"ஆமாண்ணா."

"இப்ப ஏழாம் குரலப் பாரு. ஒரு தடவகூடப் பேச்சு மேல ம் விழல. பேச்சு நின்னு, சரியா ஒரு மூச்சு கழிச்சு ம். சின்னப் பேச்சுக்கும் ம், நீளப் பேச்சுக்கும் ம். அளந்து வெச்ச மாதிரி. நாப்பத்தோரு போன்லயும் இப்படித்தான்." அவர் சிரித்தார். "இவங்க கேக்கவே இல்லம்மா! போன ஒரு பக்கம் வெச்சுட்டு வெங்காயம் உரிச்சிட்டிருக்காங்க. நீ எல்லாத்துக்கும் பச்சை போட்டிருக்கே!"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா இதுதான் உன் ரிப்போர்ட்டுக்கு உயிர். கேக்கற ம், கேக்காத ம். இந்த வித்தியாசத்த இதுவரை யாரும் இவ்வளவு சுத்தமாக் காட்டல. திங்கக்கிழமை மேல அனுப்பறேன். இத வெச்சு உன் இன்டர்ன்ஷிப்ப இன்னும் ஆறு மாசம் நீட்டச் சொல்லிக் கேக்கலாம். கிடைச்ச மாதிரிதான்."

அவர் போன பிறகு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாள். தன் அழுகையைக் கேட்டாள். நான் திரும்பி வந்துடட்டுமாம்மா. ஒரு மூச்சு. ம். இன்னொன்றை எடுத்தாள், இன்னொன்று. பட்டறையில் அம்மா தட்டு மாற்றுவதைப் பள்ளி விடுமுறையில் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். மெஷின் ஒரு கணம் மூச்சுவிடும், அந்த இடைவெளியில் கையை நுழைத்துத் தட்டை உருவிவிடுவாள். அதே கணக்கு. அங்கே காதுக்கு வேலையே இல்லை.

மாடிப்படியில் போய் நின்று தையல்காரிக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அம்மாவுக்குக் காது கேக்குதா?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "அடியே, நான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம். நான் சொல்லல. நீயாக் கண்டுபிடிச்சே. ஆமா தானே?"

"ஆமா சித்தி. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

திரும்பி வந்து தாடியின் மேஜை முன்னால் நின்றாள்.

"அண்ணா, ஏழாம் குரல் எங்கம்மா. அவங்க வெங்காயம் உரிக்கல. அவங்களுக்குக் காது கேக்கல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். தாடிக்குள் முகம் சிவந்தது. "ஐயோ, நான் என்னென்னவோ பேசிட்டேனேம்மா... மன்னிச்சுக்கோ."

"பரவால்லண்ணா. ஆனா அந்த நாப்பத்தொண்ணையும் எடுத்துடணும். அவங்க சம்மதம் இல்ல."

"சம்மதம் பதிவுல இருக்கே. ம்னு சொல்லியிருக்காங்களே."

"அது எந்த ம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் லேப்டாப்பை மூடினார். "அது இல்லாட்டி உன்கிட்ட மிஞ்சறது பதினேழு போன். அத வெச்சு ஆறு மாசமெல்லாம் கேக்க முடியாது" என்றார். பிறகு, "ஒரு தடவ நேர்ல கேட்டுப் பாரேன். உங்கம்மா சரின்னா போதும். திங்கக்கிழமை காலைல சொல்லு."

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மழை. கேட்டால் அம்மா சரி என்பாள், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மகள் படிப்புக்கு என்றால் கையைக்கூட வெட்டிக் கொடுப்பவள். கேட்பதா வேண்டாமா என்பதுதான் ஒன்பது மணி நேரமும் ஓடியது. படிவத்தை அச்செடுத்து வைத்திருந்தாள். ஆறு மாதம் என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தபோது வீட்டுத் தெரு வந்துவிட்டது.

கதவு திறந்திருந்தது. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் "அம்மா" என்றாள். இன்னும் சத்தமாக, "அம்மா!" எண்ணெய் சடசடத்தது. முதுகு அசையவில்லை. தெரிந்துதான் வந்தாள், ஆனாலும் அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கிட்டப் போய்த் தோளைத் தொட்டாள். அம்மா அலறிக்கொண்டு கரண்டியோடு திரும்பினாள்.

"ஏண்டி! உசுரே போச்சு! சொல்லாம கொள்ளாம... வேலைய விட்டுட்டியா?"

மகள் தலையாட்டினாள், இல்லை என்று. பிறகு தன் காதைத் தொட்டு, அம்மாவின் காதைத் தொட்டாள். அம்மா அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கழுவி மாட்டினாள். மாட்டிய கரண்டியை நேராக்கினாள்.

"அந்தத் தையல்காரி..."

"சித்தி சொல்லல."

"என்ன?"

"சித்தி. சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன்."

"சரி, கத்தாத. கத்தினா இன்னும் புரியாது. மெதுவாப் பேசு, வாயப் பாத்தா தெரியும்."

ஜன்னல் பக்கம் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டாக்டரிடம் காட்டலாம் என்றாள் மகள். பட்டறை லீவு விடும்போது பார்க்கலாம் என்றாள் அம்மா. வெளியே தெரிந்தால் மேஸ்திரி மெஷின் பக்கம் விட மாட்டார், எச்சரிக்கை மணி கேட்காதவள் கையை இழப்பாள் என்பார், அவர் சொல்வதும் பொய்யில்லை என்றாள். "கோணி தைக்கற இடத்துக்கு மாத்தச் சொல்லி நானே கேக்கறேன். அங்க மணியெல்லாம் இல்ல. நீ முடிச்சுட்டு வந்ததும் கேக்கலாம்னு இருந்தேன்." அதுவரை பொறுக்க முடியாது என்று மகள் மறுத்தாள். கடைசியில் அடுத்த வாரமே கேட்பதாக அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

தட்டு கழுவிய பிறகு மகள் படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அம்மா கண்ணாடி போட்டு, விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"நான் போன்ல பேசினதா?"

"ஆமா."

"ம் சொன்னதெல்லாமா? அதக் கேக்கறதுக்கு அங்க ஆள் வெச்சிருக்காங்களா?"

"நான்தாம்மா அந்த ஆள்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ கேட்டா சரி. வேற யாரு கேப்பாங்க?"

"கம்பெனில நாலஞ்சு பேரு. அப்புறம் மெஷின்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "உனக்கு இதனால எதுனா போயிடுமா?"

"ஒண்ணும் போகாதும்மா" என்றாள் மகள், மெதுவாக, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி.

"அப்ப வேணாம் கண்ணு. பெத்தவ, பொண்ணு என்ன சொல்றான்னே தெரியாம முனகிக்கிட்டிருக்கா. அத நாலு பேரு உக்காந்து கேக்க வேணாம்."

மகள் பேனாவை எடுத்து 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தைக் காட்டினாள். அம்மா அதில் ஒரு கோடு போட்டாள், அழுத்தி. அந்தக் கோட்டோடு ஆறு மாதமும் போயிற்று. மகள் அதை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். வைத்தபோது, வருத்தம் ஒரு பக்கம் இருக்க, இத்தனை வாரத்தில் தான் கேட்ட கேள்விக்கு அம்மா சொன்ன முதல் பதில் இதுதான் என்று தோன்றியது.

மழை விட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. அம்மா நாற்காலியை இழுத்து, மகளின் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி அவளைத் திருப்பி உட்கார வைத்தாள்.

"ஆமா, இத்தன நாளா என்கிட்ட என்னடி சொன்னே? ராத்திரி படுத்தா அதான் ஓடும். என்னத்தையோ அவ்வளவு நேரம் சொன்னாளே, என்னவா இருக்கும்னு. இப்பச் சொல்லு."

மகள் வாயைத் திறந்தாள். போனில் அத்தனை சுலபமாக வந்ததெல்லாம், எதிரில் இந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. கன்னத்து எலும்பில் போன் அழுத்தி அழுத்திக் கன்றிப்போன ஒரு தடம்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் நல்லாப் பழகறாங்க. நல்லா இருக்கேன்."

அம்மா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமல் இன்னும் கிட்ட நகர்ந்து வந்தாள்.

"புரியலடி. இன்னொரு தடவ சொல்லு. நிதானமாச் சொல்லு."

நிஜமாகவே புரியவில்லையா என்னவோ, அது அந்தத் தாய்க்குத்தான் வெளிச்சம். ஆனால் ஒரு பொய்யை, ஒவ்வோர் எழுத்தாக, அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் முன்னால் இரண்டாவது தடவை சொல்லிப் பாருங்கள். அவளால் முடியவில்லை. உதடு நடுங்கியது. அதையும் அம்மா பார்த்தாள்.

"சாப்பாட்டு மேஜைல," என்றாள் மகள், நிதானமாக, "எட்டு நாற்காலிதாம்மா இருக்கும்."